மூட்டு மாற்று முடிஞ்சு 7 வாரம், முட்டி 75 டிகிரிக்கு மேல மடங்கல: குறை பயிற்சியிலயா, ஜவ்வு சமநிலையிலயா?

#1 பாலக்கோட்டு மகள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம். சின்ன வயசுல இருந்து குத்தவெச்சு களை எடுத்து, கூடை கூடையா பழம் தூக்கி, ரெண்டு முட்டியும் வெளிப்பக்கம் வளைஞ்சு போச்சு. வலது முட்டிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிஞ்சு 7 வாரம் ஆகுது. நகரத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம்.

தையல் பிரிச்சாச்சு, காயம் ஆறிடுச்சு, ராத்திரி வலியும் குறைஞ்சிருக்கு. ஆனா முட்டி 75 டிகிரிக்கு மேல மடங்க மாட்டேங்குது. நீட்டினாலும் முழுசா நீள மாட்டேங்குது. கட்டில்ல மல்லாந்து படுத்தா முட்டிக்கு அடியில என் கை தாராளமா நுழையுது. போய்க் கேட்டா "பயிற்சி பத்தல, வீட்ல செய்ய வைங்க"ன்னு ஒரு வரியில அனுப்பிடுறாங்க. அத்தை, பெரியம்மா எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டு "உனக்கு வலி தாங்குற மனசில்ல"ன்னு அம்மாவைப் பேசுறாங்க. எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. தினம் பல்லைக் கடிச்சுக்கிட்டு அவங்க செய்றதை கூட இருந்து பாக்குறவ நான்.

டிஸ்சார்ஜ் சம்மரியில ஜவ்வு சமநிலை சரிபார்த்தாச்சு, மூட்டு அசைவு நன்றுன்னு இங்கிலீஷ்ல ரெண்டே வரி இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்? ஆபரேஷன்லயே ஏதாவது விட்டுப் போயிருக்குமா, இல்ல நிஜமாவே பயிற்சிதான் குறையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 பென்னாகரம் பெரியவர்

அம்மாடி, முதல்ல உங்கம்மாவை யாரும் பேச வேணாம்னு சொல்லு. எனக்கு ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு. ஒரே டாக்டரு, ஒரே ஆஸ்பத்திரி. இடது காலு சீக்கிரமே மடங்கிடுச்சு, வலது காலு ரொம்ப நாள் படுத்துச்சு. பயிற்சி ரெண்டுக்கும் ஒண்ணாத்தான் செஞ்சேன். அப்ப எல்லாம் ஆளோட சோம்பேறித்தனம்னு எப்படிச் சொல்றது? இப்ப ரெண்டு காலும் நல்லாருக்கு, பஸ்ஸேறி தர்மபுரி போய்ட்டு வரேன். டாக்டருங்க யாராச்சும் விவரமா சொல்லுங்க சாமி, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

#3 தர்மபுரி ஆர்த்தோ

எலும்பு மூட்டு அறுவை சிகிச்சைதான் என் வேலை. உங்கள் அம்மாவைப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "பயிற்சி பத்தல" என்ற முடிவுக்கு வருவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றை யாரும் கேட்கவில்லை என்றே தெரிகிறது.

மூட்டு மாற்று என்றால் முட்டியையே கழற்றிவிட்டு வேறு முட்டி வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். தொடை எலும்பின் கீழ்முனையிலும் கணைக்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பரப்பை ஏறக்குறைய 8, 9 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறோம். மேலே கோபால்ட் குரோமியம் மூடி, கீழே உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் வட்டு. அவ்வளவுதான் புதுசு. இரண்டு பக்க ஜவ்வும், மூட்டைச் சுற்றியிருக்கும் உறையின் பின்பக்கமும், தசையும் நோயாளியுடையவையே. புது மூட்டு நிற்பதும் மடங்குவதும் அந்தப் பழைய ஜவ்வுகளை நம்பித்தான்.

வருஷக்கணக்கில் வெளிப்பக்கம் வளைந்த முட்டியில் உட்பக்க ஜவ்வு சுருங்கி இறுகியிருக்கும், வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டுத் தளர்ந்திருக்கும். எலும்பை நேராக வெட்டி உலோகத்தைப் பொருத்திவிட்டால் மட்டும் இது சரியாகாது. கயிற்றுக் கட்டிலில் ஒரு பக்கம் இழுத்தும் மறுபக்கம் தொய்வாகவும் கட்டினால், சட்டம் எவ்வளவு நேராக இருந்தாலும் படுக்கிறவர் ஒரு பக்கம் சரிவார் இல்லையா, அதே கதைதான். இறுகிய பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். முதலில் ஓரத்தில் வளர்ந்திருக்கும் எலும்பு முள்ளை எடுப்போம். ஜவ்வு அந்த முள்ளின் மேலேறி இறுகிக் கிடப்பதால் பலருக்கு அதிலேயே தளர்ந்துவிடும். போதவில்லை என்றால் உட்பக்கத்து ஆழமான ஜவ்வை எலும்பிலிருந்து படிப்படியாகப் பிரிப்போம். அல்லது இறுகிய நார்களில் ஊசியால் பல இடத்தில் குத்தி நீளவிடுவோம். ஒவ்வொரு படிக்கும் பிறகு திரும்ப அளந்து பார்க்கணும். அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டால் முட்டி ஆடும், நடக்கும்போது சட்டென்று விட்டுவிடும். அதைச் சரிசெய்வது இறுக்கத்தைச் சரிசெய்வதைவிடக் கஷ்டம்.

அளப்பது எதை? கால் நீட்டியிருக்கும்போது இரண்டு எலும்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, 90 டிகிரி மடக்கியிருக்கும்போது எவ்வளவு இடைவெளி என்று. இரண்டும் நீள்சதுரமாக, ஏறக்குறைய ஒரே உயரமாக இருக்கணும். 1970-களில் லண்டனில் மைக்கேல் ஃப்ரீமேனும் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் வலியுறுத்திய விஷயம் இது. கருவிகள் எத்தனையோ மாறியும் இந்த அடிப்படையை விட்டு யாரும் தள்ளிப் போகவில்லை. மடக்கும்போது இடைவெளி குறைந்தால் முட்டி மடங்காது. நீட்டும்போது குறைந்தால் முழுசாக நீளாது. இரண்டிலும் குறைந்தால் நடுவில் வைத்த வட்டு கனமாகிவிட்டதா என்று யோசிக்கணும். முட்டிக்கு நடுவில் குறுக்காக ஓடும் பின்பக்கச் சிலுவை ஜவ்வை வெட்டாமல் வைத்து அது இறுகியிருந்தாலோ, தொடை எலும்பு மூடி ஒரு சைஸ் பெரிதாகப் போனாலோ, முட்டிச்சில்லின் கனம் கூடினாலோ மடக்கம் தடைபடும். எல்லாமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சமாசாரம். அந்த ஒன்றிரண்டை நோயாளி தினமும் உணர்வார்.

இப்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியது ஒரே ஒரு எண். உறையைத் தைத்து முடித்ததும், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே, தொடையைத் தூக்கிப் பிடித்துக் காலை அதன் பாரத்திலேயே தொங்கவிட்டுப் பார்ப்பது வழக்கம். அப்போது முட்டி எத்தனை டிகிரி மடங்கியது? அறுவை மேசையிலேயே 85 தான் என்றால் வீட்டில் என்ன பாடுபட்டாலும் 110 வராது. அந்த அம்மாவைத் திட்டுவது அநியாயம். மேசையில் 115 மடங்கி இப்போது 75 என்றால், இடைவெளி போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது, அதற்குப் பிறகு வேறு ஏதோ நடந்திருக்கிறது. வெறுமனே "நன்று" என்று எழுதினால் இதில் எது என்று யாருக்குத் தெரியும்?

கூடவே இன்னொன்று. ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியது, எவ்வளவு நீண்டது? பிறகு எவ்வளவு மடங்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்க அதைவிட நல்ல அளவு இல்லை.

#4 பாலக்கோட்டு மகள்

ரொம்ப நன்றி டாக்டர். இப்படி யாருமே உக்கார வெச்சு சொன்னதில்ல. பழைய ஓபி சீட்டைத் தேடி எடுத்தேன். முன்னாடி 95 வரைக்கும் மடங்கியிருக்கு, நீட்டுறதுல 15 டிகிரி குறைன்னு பேனாவுல எழுதியிருக்காங்க. மேசையில எவ்வளவுன்னு எந்தக் காகிதத்துலயும் இல்ல. நேர்ல போய்க் கேக்குறேன்.

அம்மாவுக்கு சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறாங்க. வலி மாத்திரையை ரெண்டாவது வாரமே நிறுத்தியாச்சு, கிட்னிக்கு ஆகாதுன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. இன்னொரு விஷயம், வார்டுலயே முட்டிக்கு அடியில தலகாணி வெச்சுப் படுக்கச் சொன்னாங்க. இப்பவும் அப்படித்தான் தூங்குறாங்க. பரவாயில்லையா?

#5 ஓசூர் பிசியோ

அக்கா, அந்தத் தலகாணியை இன்னைக்கு ராத்திரியே எடுத்துருங்க. தலகாணி வெச்சா இதமா இருக்கும், தூக்கம் வரும், எல்லாம் உண்மைதான். ஆனா எட்டு மணி நேரம் முட்டி மடங்கின நிலையிலேயே கிடந்தா பின்பக்க உறை அதே நீளத்துக்குச் சுருங்கிடும். பகல்ல அரை மணி நேரம் நீட்டி என்ன பிரயோஜனம்? எங்ககிட்ட நீளாத முட்டியோட வர்றவங்கள்ல நிறைய பேர் வீட்டுல இந்தத் தலகாணி இருக்கும்.

எல்லாரும் மடக்குறதைப் பத்தியே கவலைப்படுறாங்க. நான் முதல்ல பாக்குறது நீட்டுறதை. முட்டி 10 டிகிரி நீளாம நின்னா கால் குட்டையான மாதிரி நொண்டி நடப்பாங்க, நிக்கும்போதெல்லாம் தொடைத் தசை விடாம இழுத்துக்கிட்டே இருக்கணும், சாயங்காலத்துக்குள்ள கால் ஓய்ஞ்சு போயிடும். ஒரு பெரிய துண்டை நல்லா இறுக்கிச் சுருட்டி குதிகாலுக்கு அடியில வைங்க. முட்டிக்குக் கீழ ஒண்ணும் இருக்கக் கூடாது. கால் தன் பாரத்துல கீழ இறங்கட்டும். அப்படியே தொடைத் தசையை இறுக்கி முட்டியைக் கட்டிலைப் பாத்து அமுக்கச் சொல்லுங்க, அஞ்சு எண்ணிட்டு விடட்டும். ஒரே மூச்சுல ஒரு மணி நேரம் செய்றதை விட பத்துப் பத்து நிமிஷமா நாள் முழுக்க செய்றது நல்லது.

மடக்குறதுக்கு, கட்டில் ஓரத்துல உக்காந்து ரெண்டு காலையும் தொங்கவிட்டு, நல்ல காலை ஆபரேஷன் கால் முன்னாடி குறுக்கப் போட்டு மெதுவா பின்னாடி தள்ளணும். எவ்வளவு தள்ளணும்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க, அதனால பயம் இருக்காது. படுத்துக்கிட்டு குதிகாலை இழுக்குற பயிற்சின்னா குதிகாலுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் கவரைப் போடுங்க, மெத்தை விரிப்புல குதிகால் மாட்டாம வழுக்கிட்டு வரும்.

வலி மாத்திரை விஷயம் டாக்டர்தான் சொல்லணும், சுகர் இருக்குறதால அவரைக் கேக்காம எதுவும் எடுக்க வேண்டாம். ஆனா நான் கண்ணால பாக்குறது இது: வலியோட செய்றவங்க தொடைத் தசையை இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. இறுக்கின தசையை எதிர்த்து முட்டி எப்படி மடங்கும்? மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழிச்சு செஞ்சா அதே ஆள் 10 டிகிரி கூட மடக்குவாங்க. செஞ்சு முடிச்சதும் ஐஸைத் துணியில சுத்தி 15 நிமிஷம். மறுநாள் காலையில வீக்கமும் வலியும் முந்தின நாளை விட அதிகமா இருந்தா, நேத்து செஞ்சது அளவுக்கு மீறிடுச்சுன்னு அர்த்தம்.

அளக்குறதுக்கு ஒரு வழி சொல்றேன். போனை முட்டி உயரத்துக்கு இறக்கி, பக்கவாட்டுல நேரா நின்னு போட்டோ எடுங்க. இடுப்புல துருத்துற எலும்பு, முட்டியோட வெளிப்பக்க மேடு, கணுக்கால் வெளிப்பக்க மொழி, இந்த மூணையும் கோடு இழுத்து கோணமானியை வெச்சுப் பாருங்க. வாரா வாரம் ஒரே கட்டில்ல, ஒரே நேரத்துல எடுத்து நோட்டுல எழுதி வைங்க. கண் மதிப்பு 10 டிகிரி வரைக்கும் ஏமாத்தும்.

#6 காரிமங்கலம் அண்ணன்

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், யாரும் தப்பா நினைக்காதீங்க. என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் ஆனப்ப நான் ஒரு நாள் கூட விடல. அழுதாலும் செய்ய வெச்சேன். இன்னைக்கு 125 மடங்குது, மாட்டுக்குப் பால் கறக்குறா. ஜவ்வு, மில்லிமீட்டர்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தா நாள் போயிடும் தங்கச்சி. முட்டி இறுகிப் போறதுக்குள்ள செய்ய வைங்க. டாக்டர் மேல சந்தேகம் வந்துட்டா நோயாளி மனசு விட்டுடும், அதான் எனக்குப் பயம்.

#7 தர்மபுரி ஆர்த்தோ

அண்ணன் சொல்வதில் அவசரம் நியாயமானது. முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு உள்ளே உருவான தழும்பு முற்றிவிடும், பிறகு இழுப்பது கடினம். ஆனால் உங்கள் வீட்டம்மாவுக்கு 125 வந்ததற்கு அவரது உழைப்போடு சேர்ந்து, உள்ளே 125-க்கு இடமும் இருந்திருக்கிறது. இடம் இல்லாத முட்டியை அழ அழ மடக்கினால் வீக்கம் கூடும், வீக்கம் இன்னும் தழும்பை வளர்க்கும். அதனால்தான் எண் கேட்கிறேன். மேசைக் கோணம் தெரிந்தால் அந்த அம்மாவும் நம்பிக்கையோடு செய்வார், டாக்டர் மேல் சந்தேகம் இருந்தாலும் தீரும்.

கையால் மெதுவாக மடக்கிக்கொண்டே போகும்போது கடைசியில் எப்படி நிற்கிறது என்பதும் முக்கியம். சுவரில் மோதியது போலக் கடினமாக, எப்போதும் ஒரே கோணத்தில் நின்றால் உள்ளே பொருத்தம் சம்பந்தப்பட்ட தடையாக இருக்கலாம். மெத்தென்று நின்று, வலி குறைந்த நாளில் ஐந்தாறு டிகிரி கூடக் கொடுத்தால் வலி, வீக்கம், தசை இறுக்கம்.

#8 ஓய்வு வாத்தியார்

ஐயா, ஒரு சந்தேகம். நம் மாவட்டத்தில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறார்கள். என் வகுப்பில் பல் காவியேறிய பிள்ளைகளை வரிசையாகப் பார்த்தவன் நான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது. ஆனால் 60 வயசுக்காரர்கள் அதற்கு முன்னால் அரை நூற்றாண்டு அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். இந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஜவ்வு இறுகினதில் அதற்குப் பங்கு இருக்குமா? இருந்தால் மூட்டு மாற்றில் அதைக் கணக்கில் எடுக்கிறார்களா?

#9 தர்மபுரி ஆர்த்தோ

வாத்தியார் ஐயா, நம் ஊர் டாக்டர்கள் கட்டாயம் பேச வேண்டிய விஷயத்தைத் தொட்டிருக்கிறீர்கள்.

குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கணும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு அடர்ந்து கனத்துப் போகும். கனமாக இருப்பதால் உறுதி என்று நினைக்க வேண்டாம், அது நொறுங்கும் தன்மையுள்ள கனம். ஜவ்வும் மூட்டு உறையும் எலும்போடு சேரும் இடங்களில் சுண்ணாம்பு படியும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வில் சுண்ணாம்புக் கோடு தெரிந்தால் எலும்பு ஃப்ளோரோசிஸ் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது, இந்தப் பகுதி ஆட்களுக்கு முன்கைக்கும் ஒரு படம் எடுங்கள் என்று என் ஜூனியர்களிடம் சொல்லுவேன்.

மூட்டு மாற்றில் இதனால் என்ன வித்தியாசம்? சுண்ணாம்பு படிந்த ஜவ்வு இழுத்தால் நீளாது. சாதாரணத் தேய்மான முட்டியில் முள்ளை எடுத்ததும் கிடைக்கும் தளர்வு இங்கே கிடைக்காமல் போகலாம், கூடுதலாகப் பிரிக்க வேண்டி வரும். எலும்பு அடர்த்தியால் ரம்பம் சூடாகும், மூட்டை எலும்போடு ஒட்டும் சிமெண்ட் உள்ளே இறங்காது. பரப்பில் சின்னச் சின்னத் துளை போட்டுத்தான் ஒட்ட வைக்கணும். முதுகெலும்பு ஜவ்வும் இறுகியிருந்தால் தண்டுவட மயக்க ஊசி இறங்கவே சிரமப்படும், மயக்க மருந்து டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கணும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. ஃப்ளோரோசிஸில் கழுத்து, முதுகுப் பகுதியில் தண்டுவடம் நெருக்கப்பட்டுக் கால் விறைப்பாகிவிடும். நோயாளி "முட்டி மடங்கல, நடக்க முடியல" என்றுதான் வந்து நிற்பார். தேய்மானமும் எக்ஸ்ரேயில் இருக்கும். முட்டியை மாற்றிவிட்டால் விறைப்பு அப்படியே இருக்கும். தசைநாரில் சுத்தியலால் தட்டி அனிச்சைச் செயலைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை விடக் கூடாது.

அதற்காக நம் ஊர் முட்டி வலியெல்லாம் ஃப்ளோரைடு என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலானவை வயசு, எடை, குத்தவைத்துச் செய்யும் வேலை, வளைந்த கால் இவற்றால் வரும் தேய்மானம்தான்.

#10 ஊத்தங்கரை

என் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யலாம்னு பேசிட்டு இருக்கோம், அதனால இந்த இழையை வரி விடாம படிச்சேன். மூணு கேள்வி. ரோபோ வெச்சு செஞ்சா இந்த ஜவ்வு சமநிலை தானாவே சரியா வந்துடுமா? முழுசா மடங்குற ஸ்பெஷல் மூட்டுன்னு ஒண்ணு சொல்றாங்க, அது வாங்கலாமா? அப்பாவுக்கு வீட்டுல இந்தியன் டாய்லெட்தான், குத்தவெச்சு உக்கார முடியுமா? செலவுக்கும் யாராவது வழி சொல்லுங்க.

#11 கிருஷ்ணகிரி ஆர்த்தோ

தர்மபுரி நண்பர் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரு இடத்தில் மட்டும் என் எண்ணம் கொஞ்சம் வேறு. இயற்கையான முட்டியிலேயே மடக்கிய நிலையில் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வாகத்தான் இருக்கும். எல்லா முட்டியையும் கறாரான நீள்சதுரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று உட்பக்க ஜவ்வை அதிகம் பிரிப்பதைவிட, அந்த ஆளின் பிறவி அமைப்புக்கு ஏற்ப எலும்பு வெட்டைக் கொஞ்சம் மாற்றி, ஜவ்வைத் தொடாமல் விடுவது நல்லது என்ற கருத்து கடந்த பதினைந்து, இருபது வருஷமாக வலுத்திருக்கிறது. நான் அதிகம் வளையாத கால்களுக்கு அந்த வழியில்தான் செய்கிறேன். மிகவும் வளைந்த கால்களுக்குப் பழைய வழியே எனக்குக் கை வருகிறது.

ரோபோ விஷயம். எலும்பை வெட்டுவதற்கு முன்னாலேயே எந்தக் கோணத்தில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி வரும் என்று திரையில் காட்டும், திட்டமிட்ட வெட்டிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்ளும். உண்மையிலேயே பயனுள்ள கருவி. ஆனால் அந்த இடைவெளியை அளக்கும்போது ஜவ்வை விறைப்பாக இழுத்துப் பிடிப்பது டாக்டரின் கையோ அவர் வைக்கும் கருவியோதான். இழுப்பு தப்பானால் எண்ணும் தப்பும். ஜவ்வைத் தளர்த்துவதா வெட்டை மாற்றுவதா என்று ரோபோ முடிவு செய்யாது. நல்ல அனுபவமுள்ள கை சாதாரணக் கருவியோடு செய்வதை நம்பி ஏற்கலாம்.

அதிக மடக்கத்துக்கு என்று விற்கும் மூட்டுகளால் சாதாரண மூட்டைவிடப் பெரிய வித்தியாசம் கிடைப்பதாக ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். இயல்பாக நடக்க 65, 70 டிகிரி போதும். படி ஏற 80-க்கு மேல், இறங்க 90 முதல் 100, தாழ்வான நாற்காலியிலிருந்து எழ 105 வரை வேண்டும். குத்தவைக்க 130 தாண்டணும். மூட்டு மாற்றுக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு 110, 120 கிடைக்கிறது. சிலருக்குக் குத்தவைக்கிற அளவுக்கு மடங்கினாலும் தினம் அப்படி உட்கார்ந்தால் பாலிஎத்திலீன் வட்டின் பின்விளிம்பில் பாரம் குவியும், நான் வேண்டாம் என்பேன். ஆபரேஷனுக்கு முன்னாலேயே வீட்டில் வெஸ்டர்ன் கமோடு வைத்துவிடுங்கள், பிறகு அவசரத்தில் தேட வேண்டாம்.

செலவு: 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டிக்கு உச்ச விலை கொண்டுவந்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவிலும் காப்பீட்டுக் கவுண்டரிலும் முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் வெளியே போங்கள்.

#12 அரூர் தம்பி

எங்க ஊர்ல எலும்பு முறிவுக்குக் கட்டு கட்டுற வைத்தியர் ஒருத்தர் இருக்கார். அவர் எண்ணெய் போட்டு நீவி, துணியால கட்டி, நாலு பேர் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா மடக்கி விட்டா சரியாயிடும்னு எங்க பாட்டிக்குச் சொல்றார். பாட்டிக்கும் மூட்டு மாத்தி மூணு மாசம் ஆகப் போகுது. செய்யலாமா டாக்டர்?

#13 ஓசூர் பிசியோ

தம்பி, தயவுசெஞ்சு வேண்டாம். உங்க பாட்டி எலும்பு வயசான எலும்பு. முழிப்புல தசை எதிர்த்து இழுக்கும்போது வலுக்கட்டாயமா மடக்கினா தொடை எலும்பு மூடிக்கு மேல உடையலாம், முட்டிச்சில்லைப் பிடிச்சிருக்குற தசைநார் அறுந்து போகலாம். அறுந்துட்டா காலைத் தூக்கவே முடியாது, அதுக்கு மறுபடி பெரிய ஆபரேஷன். ஆறின தழும்பு மேல நீங்களே விரலால மெதுவா நீவி விடுங்க, தோல் கீழ ஒட்டாம இருக்கும், அது நல்லது. அதைத் தாண்டி யாரும் கை வைக்க வேண்டாம். பாட்டியை இந்த வாரமே செஞ்ச டாக்டர்கிட்ட காட்டுங்க.

#14 பாலக்கோட்டு மகள்

எல்லாருக்கும் ஒரு தகவல். நேர்ல போய் ஆபரேஷன் பண்ண டாக்டரையே பாத்தேன். மேசையில எத்தனை டிகிரின்னு கேட்டதும் ஒரு நிமிஷம் என்னையே பாத்தார். அப்புறம் தியேட்டர் குறிப்பை எடுத்து வரச் சொன்னார். தைச்சு முடிச்சப்ப 110 மடங்கியிருக்கு, முழுசா நீண்டிருக்கு. வட்டு 10 மில்லிமீட்டர். பின்பக்கச் சிலுவை ஜவ்வை எடுத்துட்டு வைக்குற வகை மூட்டு. சிஆர்பி, இஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனை பண்ணி கிருமி இல்லன்னு சொல்லிட்டார். சுகர் மூணு மாச சராசரி (ஹெச்பிஏ1சி) 8.1 சதவீதம் இருக்கு, அதையும் இறக்கணும்னு சொன்னார். மயக்கம் கொடுத்து மடக்கி விடலாமான்னு யோசிக்கிறோம், அடுத்த வாரம் முடிவு சொல்றேன்னார்.

தலகாணியை அன்னைக்கே எடுத்துட்டோம். முட்டிக்கு அடியில இப்ப விரல்தான் நுழையுது, கை நுழையல. இந்த மயக்கம் கொடுத்து மடக்குறதைப் பத்திச் சொல்லுங்க டாக்டர், அம்மா ரொம்பப் பயப்படுறாங்க.

#15 தர்மபுரி ஆர்த்தோ

நல்ல செய்தி. மேசையில் 110, முழு நீட்டம் என்றால் எலும்பு வெட்டும் ஜவ்வுச் சமநிலையும் போதுமானதாக இருந்திருக்கிறது. இறுக்கம் பிறகு வந்தது: வலி மாத்திரை சீக்கிரம் நின்றது, தலகாணி, சுகர், முன்பே இறுகியிருந்த முட்டி எல்லாம் சேர்ந்து உள்ளே ஒட்டுத் தழும்பை வளர்த்திருக்கின்றன. இதில் உங்கள் அம்மாவின் மனதிடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை அத்தையிடமும் பெரியம்மாவிடமும் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மயக்கத்தில் மடக்குவதற்கு 6 முதல் 12 வாரம் நல்ல காலம். 90-ஐத் தொடாமல் நிற்கும் முட்டிக்கு இதைத்தான் முதலில் யோசிப்போம். கத்தி வைப்பதில்லை. தண்டுவட ஊசி போட்டுத் தசை முழுசாகத் தளர்ந்ததும், இடுப்பை மடக்கிப் பிடித்து, முட்டிக்கு மிக அருகில், கணைக்கால் எலும்பின் மேல்பகுதியில் இரண்டு கையையும் வைத்து மெதுவாக அமுக்குவோம். பாதத்தைப் பிடித்து அமுக்கினால் நெம்புகோல் நீண்டு எலும்பு உடையும், அதனால்தான் மேலே பிடிப்பது. ஒட்டுகள் பிரியும்போது கையில் நறநறவென்று தெரியும். அதற்கு மேல் கொடுக்கவில்லை என்றால் நிறுத்திவிடணும், பிடிவாதம் கூடாது. சில நிமிஷ வேலை. ரத்தக்கட்டு, எலும்பு முறிவு, தசைநார் கிழிவு ஆகிய ஆபத்துகள் குறைவு என்றாலும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எதிர்பார்ப்பும் சரியாக இருக்கட்டும். இதில் மடக்கம்தான் அதிகம் கிடைக்கும், நீட்டம் அவ்வளவாகக் கிடைக்காது. நீட்டத்துக்குக் குதிகால் துண்டுதான், அதை விடவே கூடாது. வட்டு கனமாக இருந்தாலோ மூடி பெரிதாக இருந்தாலோ மயக்கத்தில் மடக்கிப் பயனில்லை. உங்கள் அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை என்பதை அந்த 110 காட்டுகிறது.

#16 ஓசூர் பிசியோ

அக்கா, மடக்கின அன்னைக்கு சாயங்காலமே பயிற்சி ஆரம்பிக்கணும், இதை முன்னாடியே பேசி வெச்சுக்குங்க. மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டா பிரிஞ்ச இடம் திரும்ப ஒட்ட ஆரம்பிச்சுடும். வலி மாத்திரையை எப்படி, எத்தனை நாள் கொடுக்கணும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க, சுகரையும் கிட்னி டெஸ்ட்டையும் பாத்துட்டு அவர் எழுதட்டும். மடக்கி முடிச்சதும் தியேட்டர்லயே எத்தனை டிகிரி வந்துச்சுன்னு கேட்டு, முடிஞ்சா அந்த நிலையில ஒரு போட்டோ எடுத்து வாங்கிக்குங்க. அம்மா கண்ணால பாத்தா, தன் முட்டி அவ்வளவு மடங்கும்னு நம்புவாங்க, பயம் பாதி போயிடும்.

முதல் ரெண்டு வாரம் தினம் ஒரு பிசியோ கை படணும். பாலக்கோட்டுல இருந்து ஓசூர் வர்றது அலைச்சல், பக்கத்துலயே தர்மபுரியில பாருங்க. பஸ்ல போறதா இருந்தா ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, முட்டி சிவந்து காய்ச்சல் வந்தாலோ பயிற்சியை நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. தேதி முடிவானதும் சொல்லுங்க, வாரா வாரம் எடுக்குற போட்டோவையும் இங்கயே போடுங்க, கோணம் நான் பாத்துச் சொல்றேன்.